கூடை சுமந்து வந்த அண்ணனுக்கு

நேபாளத்தில், எவரெஸ்ட் வட்டாரத்துக் கோக்யோ பக்கமிருந்து குந்தே ஊர் மருத்துவமனைக்கு நோயாளியைச் சுமந்துவந்து, பெயர்கூடச் சொல்லாமல் போன ஷெர்பா அண்ணனுக்கு நன்றி.

1953இல் டென்சிங்கோடு எவரெஸ்ட் ஏறிய ஹிலாரி, ஷெர்பா மக்களுடனான நட்பால் 1966இல் எழுப்பிய மருத்துவமனை இது. உயரம் சுமார் 3,840 மீட்டர், வண்டிப்பாதை கிடையாது.

டோக்கோ என்னும் முதுகுச்சுமைக் கூடையின் ஒரு பக்கத்தை வெட்டி, கம்பளி மடித்துப்போட்டு, முதுகோடு முதுகாக உட்கார வைத்திருந்தீர்கள். கூடையைத் தாங்கும் பட்டை நெற்றியில், பாரம் முதுகெலும்பு வழியே நேராக இறங்கும். மலை உயரத்தால் நுரையீரலில் நீர் கோத்தவரை மல்லாக்கப் படுக்கவைத்தால் திணறல் கூடும், நடக்கவிட்டால் இன்னும் மோசம். நிமிர்த்தி உட்காரவைத்துக் கீழே இறக்குவதுதான் முதல் மருந்து, ஆக்சிஜன் கையில் இருந்தாலும். விடியட்டும் என்று காத்திருந்துதான் பலர் கெடுகிறார்கள். இளைப்பாறும்போதும் கூடையை இறக்காமல், அடியில் தடியை முட்டுக்கொடுத்து நின்றீர்களே, அதனால் குலுக்கலே இல்லை.

கூலி வேண்டாமென்றீர்கள். வெட்டிய கூடைக்காவது காசு வாங்கிக்கொள்ளுங்கள், அண்ணா.