தயங்கிப் பேசினால் பொய்யா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளுக்கு உங்கள் இதழ் சொன்ன யோசனைகள் பெரும்பாலும் நல்லவைதான். ஆனால், கேள்வி முடிந்ததும் பதில் வரவேண்டும், கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும், தயங்குகிறவர் எதையோ மறைக்கிறார் என்று எழுதியிருந்ததை ஏற்க முடியவில்லை. வேலை கிடைக்க அது உதவும், சரி. நேர்மையை அளக்க அது உதவாது.

ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் பலரிடம் பெரியவர்களின் கண்ணை நேருக்கு நேர் பார்க்காததுதான் மரியாதை. கேள்வி கேட்டால் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். அந்த அமைதி அவர்களுக்குச் சங்கடமே இல்லை. தனக்கு ஒன்று தெரியவேண்டுமென்றால் அடுக்கடுக்காகக் கேட்கமாட்டார்கள். தெரிந்ததைச் சொல்லிவிட்டு, மற்றவர் தொடரக் காத்திருப்பார்கள். இப்படி வளர்ந்தவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, ‘ஆமாவா, இல்லையா?’ என்று குறுக்கு விசாரணை செய்தால் என்ன ஆகும்?

இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த மொழியியலாளர் டயானா ஈட்ஸ், இன்னொரு சிக்கலையும் காட்டுகிறார். அதிகாரத்தில் இருப்பவர் திரும்பத் திரும்பக் கேட்டால், புரிந்ததோ இல்லையோ, உடன்பாடோ இல்லையோ, ‘ஆமாம்’ என்று சொல்லிவிடுவார்கள். (நம் தாலுகா அலுவலகங்களில் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல.) அந்த ‘ஆமாம்’ போலீஸ் தாளில் ஏறினால் ஒப்புதல் வாக்குமூலம்.

1976-லேயே ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்சிப்பகுதி உச்ச நீதிமன்றத்தில், அனுங்கா வழக்கில், நீதிபதி ஃபார்ஸ்டர் இதைக் கவனித்துப் போலீசாருக்கு 9 விதிகள் வகுத்தார். ஆங்கிலம் சரளமாக வராதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும், நம்பிக்கைக்குரிய ஒருவர் துணைக்கு இருக்கவேண்டும், பதிலை ஊட்டும் கேள்விகள் கூடாது. எனக்குப் பிடித்தது வேறு ஒரு விதி: அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டாலும், தனியாகச் சான்று தேடுவதை நிறுத்தக்கூடாது.

ஆனால் விவரம் தெரிந்தால் மட்டும் போதாது போலிருக்கிறது. 1994-இல் பிரிஸ்பேனில் 12, 13, 14 வயதுள்ள மூன்று பழங்குடிச் சிறுவர்களைப் போலீசார் இரவில் காரில் ஏற்றி, ஊருக்கு வெளியே பின்கென்பா பகுதியில் இறக்கிவிட்டுப் போனார்கள். போலீசார் மீது வழக்கு வந்தது. மறு ஆண்டு நடந்த விசாரணையில் பையன்களைப் போலீசார் தரப்பு வழக்கறிஞர்கள் கேள்வியால் துளைத்து, விருப்பப்பட்டுத்தான் காரில் ஏறினோம் என்று ‘ஆமாம்’ போட வைத்தார்கள். வழக்கு அதோடு நின்றது. பழங்குடியினரின் பேச்சு முறையை வழக்கறிஞர்களுக்கு விளக்க ஈட்ஸ் எழுதிய கையேடு அந்த விசாரணையில் போலீசார் தரப்பு வழக்கறிஞர்களின் மேசையிலேயே இருந்ததாம்! யாருக்கு உதவ எழுதினாரோ அவர்களுக்கு எதிராகவே அது பயன்பட்டிருக்கிறது.

பதில் சொல்கிறவர்களுக்கு நீங்கள் யோசனை சொல்லியாகிவிட்டது. அடுத்த இதழில் கேள்வி கேட்கிறவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை