மரத்தடியில் மாட்டிக்கொள்ளும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய மூன்று கோல்ஃப் ஸ்கோர்கார்டையும் வரிக்கு வரி பார்த்தாயிற்று. மூன்று ரவுண்டிலும் சேர்த்துக் குளத்தில் போனது இரண்டே பந்து. ஆனால் 4-ஆம் ஹோலில் 8, 7, 8. 9-ஆம் ஹோலில் ஒரு 9. அந்த எண்களுக்குப் பக்கத்தில் நீயே பென்சிலில் 'மரம்' என்று கிறுக்கி வைத்திருக்கிறாய். உன் பாயிண்டை விழுங்குவது, நீ நினைக்கிற மாதிரி தண்ணீர் இல்லை. மரத்தடியிலிருந்து நீ அடிக்கிற அந்த அடுத்த அடிதான். 18 ஹேண்டிகேப்பில் (ஆட்டத் திறனைப் பொறுத்துக் கிடைக்கும் சலுகை அடிகள்) வந்து நின்றுவிட்டவர்கள் கோலாலம்பூர் கிளப்புகளில் இன்னும் பலர் உண்டு என்பதால் பதிலை எல்லோரும் படிக்கிற மாதிரி இங்கேயே போடுகிறேன். இப்போதைக்கு முன் ஒன்பது ஹோல் மட்டும்.

முதலில் கணக்கு. அடுத்த மாதம் நீ ஆடப்போவது ஸ்டேபிள்ஃபோர்டு, ஹோலுக்கு ஹோல் பாயிண்ட் எண்ணும் ஆட்டம். உன் கோர்ஸ் ஹேண்டிகேப் 18. தனிநபர் ஆட்டத்துக்கு 95 விழுக்காடு என்று கமிட்டி வைத்தால் 17 ஆகும். இன்டெக்ஸ் (ஹோலின் கடின வரிசை எண்) 18 போட்ட ஹோல் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் உனக்கு ஒரு ஸ்ட்ரோக் கிடைக்கும். முன் ஒன்பதின் இன்டெக்ஸ் எல்லாம் ஒற்றைப்படை எண்கள், அதனால் ஒன்பதிலும் உண்டு. போகிக்கு (பார் என்று ஹோலுக்கு விதித்த அடிகளைவிட ஒன்று கூட) 2 பாயிண்ட், டபுள் போகிக்கு (இரண்டு கூட) 1, அதற்கு மேல் போனால் பூஜ்யம். அடித்தது 7 ஆனாலும் 11 ஆனாலும் பார் 4-இல் ஒன்றுதான். ஆக, பூஜ்யம் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் உன் வேலை.

அடுத்தது தூரம். உன் குறிப்பில் கிளப் (மட்டை) வாரியாக டிரைவர் 190 மீட்டர், 5 வுட் 175, ஹைப்ரிட் 155, 7 அயர்ன் 125, 9 அயர்ன் 105, பிட்சிங் வெட்ஜ் 95, சேண்ட் வெட்ஜ் 70 என்று இருக்கிறது. இவை பந்து உருண்டு நின்ற தூரம். முதல் நாள் சாயங்காலம் மழை கொட்டியிருந்தால் நம் ஊர்க் களிமண்ணில் பந்து விழுந்த இடத்திலேயே அமுங்கி நிற்கும். டிரைவரில் 15, 5 வுட்டில் 12, ஹைப்ரிட்டில் 10 மீட்டரைக் கழித்துக்கொள். ஃபேர்வேயிலோ (வெட்டிய புல்வழி) ரஃபிலோ (அதன் ஓரத்து நீளப் புல்) தன் குழியிலேயே புதைந்த பந்துக்கு இலவச நிவாரணம் உண்டு (தண்டமில்லாமல் எடுத்துப் போடலாம்), விதி 16.3. பங்கருக்குள் (மணல் குழி) கிடையாது. இன்னொன்று, கம்பத்தில் எழுதிய 150 மீட்டரா யார்டா என்று கேடி மாஸ்டரிடம் ஒருமுறை கேட்டுவிடு. 150 யார்டு என்பது 137 மீட்டர்தான். ஒரு கிளப்புக்கு மேல் வித்தியாசம் வரும்.

1-ஆம் ஹோல், பார் 4, 338 மீட்டர். இடது ஓரம் முழுக்க வெள்ளைக் கம்பம் (ஓபி, அதாவது ஆட்ட எல்லைக்கு வெளியே), வேலிக்கு அப்பால் சாலை. வலது பக்கம் மரம் கலைந்து நிற்கிறது, அதைத் தாண்டினால் பக்கத்து ஃபேர்வே. டீயை (பந்தைத் தாங்கும் குச்சி) இடது ஓரத்தில் குத்து, வலப்பக்க நடுவைப் பார்த்து அடி. ஆபத்து இருக்கும் பக்கத்தில் நின்றால்தான் அதற்கு எதிர்ப்பக்கமாகக் கோணம் கிடைக்கும். பலர் பயத்தில் வலது ஓரமாக ஒதுங்கி நின்று, அங்கிருந்து ஓபியை நோக்கியே உடம்பைத் திருப்பி விடுகிறார்கள். காலை 7.30 ஃபிளைட் (சேர்ந்து ஆடும் குழு) என்றால் புல்லெல்லாம் பனி, பந்து உருளாது. இரண்டாவது அடிக்கு 150 சொச்சம் மீதி இருக்கும். ஹைப்ரிட்டை எடுத்து கிரீனின் (குழி இருக்கும் குறும்புல் திட்டு) இடது முன்வாசலுக்கு அடி. பங்கர் வலது முன்னால்தான் இருக்கிறது. முதல் பந்து வேலிப்பக்கம் போய்விட்ட மாதிரி தெரிந்தால் 'பிரொவிஷனல்' (தற்காலிகப் பந்து) என்ற வார்த்தையைச் சத்தமாகச் சொல்லிவிட்டு இரண்டாவது பந்தை அடி. சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டப் பந்து ஆகிவிடும். தேட 3 நிமிடம்தான்.

2-ஆம் ஹோலுக்கு அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பார் 3, 128 மீட்டர், இரண்டு பக்கமும் பங்கர். கொடி எங்கே நின்றாலும் கிரீன் நடுவுக்கு 6 அயர்ன்.

3-ஆம் ஹோல், பார் 5, 465 மீட்டர். டீயிலிருந்து 300 மீட்டரில் லங்காங் (வடிகால்) குறுக்கே ஓடுகிறது, சிவப்புக் கம்பம் (தண்டப் பகுதி). டிரைவர் 190 போனால் லங்காங்குக்கு 110 மீதி. பந்து ஃபேர்வேயில் சுத்தமாக உட்கார்ந்திருந்தால் யோசிக்காதே. ஹைப்ரிட் காற்றிலேயே 145 பறக்கும், தாண்டிப் போய் 120 சொச்சம் மீதி வைக்கும், அது 7 அயர்ன். பந்து ரஃபில் கிடந்தால் ஹைப்ரிட்டைத் தொடாதே. நம் ஊர் ரஃப் பெரும்பாலும் கவ் கிராஸ். அகல இலை, பந்து மேலே மிதக்கிற மாதிரி தெரிந்தாலும் அடியில் இறங்கியிருக்கும், கிளப் கழுத்தை இலை பிடித்துத் திருப்பிவிடும். 9 அயர்னால் 85 மீட்டர் போய் லங்காங்குக்கு முன்னால் நில். மீதி 190-ஐ இரண்டு அடியில் முடித்தாலும் போகிதான், 2 பாயிண்ட். பந்து உள்ளே விழுந்தே விட்டால், கடைசியாக எல்லையைக் கடந்த இடத்திலிருந்து கொடிக்குக் கிட்டப் போகாமல் இரண்டு கிளப் நீளத்துக்குள் போடலாம், ஓர் அடி தண்டம். கம்பமே இல்லாத சிமெண்டு வடிகால் வேறு கதை. அதை அசையாத் தடை என்று உள்ளூர் விதி சொன்னால்தான் நிவாரணம் இலவசம். கார்டின் பின்பக்கத்து உள்ளூர் விதியைப் பசியாறும்போது படித்துவிடு.

இப்போது உன் 4-ஆம் ஹோல். பார் 4, 372 மீட்டர், வலப்பக்கம் திரும்பும் டாக்லெக், இன்டெக்ஸ் 1. உள்மூலையில் 170-லிருந்து 200 மீட்டர் வரை அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரம். நீ மூன்று தடவையும் மூலையைக் குறுக்கே வெட்டப் பார்த்திருக்கிறாய். வெட்டினாலும் உனக்கு என்ன லாபம்? இருபது மீட்டர் மிச்சம், அப்போதும் கிரீன் 160-க்கு மேல். இடப்பக்கப் பாதி ஃபேர்வேயில் டிரைவரைப் போட்டால் 180 சொச்சம் மீதி. இரண்டாவது அடியில் கிரீனைத் தொட முடியாது என்பதை டீயில் நிற்கும்போதே ஒப்புக்கொள். அப்படியானால் எவ்வளவு மீதி வைப்பது என்பதுதான் கேள்வி. ஹைப்ரிட் அடித்தால் 30 மீட்டர் மீதி, நடுவில் பங்கர், அரை ஸ்விங் பிட்ச். உன் மட்டத்தில் அதைவிடக் கடினமான அடி கிடையாது. 7 அயர்ன் அடித்தால் 60 மீதி. சேண்ட் வெட்ஜைக் கொஞ்சம் தாழப் பிடித்துக் கிட்டத்தட்ட முழு ஸ்விங் போடலாம். அதில் பந்து மேலே ஏறி, விழுந்த இடத்தில் நிற்கும்.

டிரைவர் வலது பக்கம் வழுக்கி மரத்தடிக்கே போய்விட்டது என்று வை. போய் நின்று பார். தூங்குமூஞ்சி மரத்தின் கிளை மேல்நோக்கிப் போகாமல் குடை மாதிரி படுக்கையாக விரியும். தரை முழுக்கச் சின்ன இலைச் சருகும் ஒட்டுகிற நெற்றும். புல் கிடையாது, ஈரமண்ணும் அங்கங்கே முண்டும் வேரும்தான். கொடி தெரிகிறது, நடுவே ஒரு சந்தும் தெரிகிறது. அந்தச் சந்துதான் உனக்கு 8 எழுதுகிறது. ஒரு அளவு வைத்துக்கொள். பந்திலிருந்து 15 மீட்டரில் அந்தச் சந்து நாலு பகி (மைதானத்தில் ஓட்டும் சின்ன வண்டி) பக்கத்தில் பக்கத்தில் போகிற அகலம் இல்லையென்றால் அது சந்தே இல்லை. பக்கவாட்டில் ஃபேர்வே எங்கே கிட்டமோ அங்கே போ. 5 அயர்ன், பந்து வலது காலுக்கு எதிரில், கை முன்னால், ஸ்விங் இடுப்போடு நிற்கட்டும். 7 அயர்ன் எடுத்தால் பந்து எழும்பிக் கிளையில் அடிக்கும், மறுபடி காலடியிலேயே விழும். இப்போது எண்ணிப் பார்: டீ ஒன்று, வெளியே வந்தது இரண்டு, 7 அயர்ன் மூன்று, வெட்ஜ் நாலு, இரண்டு பட் (கிரீனில் உருட்டும் அடி). மொத்தம் 6, ஒரு பாயிண்ட். ஒரே பட்டில் போனால் 2 பாயிண்ட். இன்டெக்ஸ் 1 ஹோலில், மரத்தடிக்குப் போன பிறகு. வேர் பந்தை ஒட்டிக் கிடந்தால் வீரம் வேண்டாம், மணிக்கட்டு போய்விடும். உள்ளூர் விதி சொன்னாலொழிய வேருக்கு இலவச நிவாரணம் இல்லை. ஆட இயலாப் பந்து என்று சொல்லி, ஓர் அடி தண்டத்தோடு இரண்டு கிளப் நீளம் எடு. ஆனால் அந்த இரண்டு நீளத்துக்கு அப்புறமும் மரத்தடியிலேயே நிற்பாயா என்று முதலில் அளந்து பார்.

5-ஆம் ஹோல் குட்டிப் பார் 4, 275 மீட்டர், உயர்த்திக் கட்டிய கிரீன். ஃபிளைட்டில் மற்ற மூன்று பேரும் டிரைவரை உருவுவார்கள். உருவட்டும். உனக்கு 85 மீதி என்றால் இரண்டு வெட்ஜுக்கும் நடுவில் மாட்டுவாய். 5 வுட் அடித்தால் 100 மீதி, கிரீன் மேட்டில் இருப்பதால் 9 அயர்ன்.

6-ஆம் ஹோல் பார் 3, 152 மீட்டர், முன்னாலும் வலப்பக்கமும் குளம். தண்ணீர் 136-இல் முடிகிறது, கிரீன் 140-இல் தொடங்கி 164-இல் முடிகிறது. ஹைப்ரிட் சரியாகப் பட்டால் 145 பறக்கும். சரியாகப் படாவிட்டால்? நீ ரேஞ்சில் பத்துப் பந்து அடித்தால் எத்தனை நடுமுகத்தில் படுகிறது என்று உனக்கே தெரியும். 5 வுட்டை இரண்டு சென்டிமீட்டர் தாழப் பிடித்து, கிரீனின் இடது விளிம்பைப் பார்த்து அடி. கொஞ்சம் குறைந்தாலும் கரையேறும், வலப்பக்கம் வளைந்தாலும் கிரீனில் விழும். நேரே போனால் இடப்பக்கப் புல்லில் நிற்கும், அங்கிருந்து சிப் (குட்டி அடி). அந்தப் புல்லும் கவ் கிராஸ்தான். உருட்டி விட்டால் இரண்டடி போய் நின்றுவிடும். சேண்ட் வெட்ஜால் கொஞ்சம் செங்குத்தாக இறக்கி, புல்லைத் தாண்டிக் கிரீனிலேயே விழ வை.

7-ஆம் ஹோல் ஃபேர்வே வலது மேட்டிலிருந்து இடப்பக்கம் சரிகிறது. 340 மீட்டர், பார் 4. டிரைவர் வலது ஓரத்துக்கு, மீதியைச் சரிவு பார்த்துக்கொள்ளும். இரண்டாவது அடியில் பந்து உன் பாதத்தை விட உயரத்தில் இருக்கும், இடப்பக்கம் இழுக்கும். கிளப்பைத் தாழப் பிடித்து கிரீனின் வலது ஓரத்தைக் குறிவை. காட்டை ஒட்டிய ஹோல் என்பதால் குரங்கு பந்தைத் தூக்கிக்கொண்டு போகலாம். தூக்கியது நிச்சயமாகத் தெரிந்தால் தண்டமில்லை, இருந்த இடத்தில் வேறு பந்தை வைத்து ஆடு.

8-ஆம் ஹோல், 310 மீட்டர், டீயிலிருந்து கிரீன் வரை சிக்கல் எதுவும் இல்லை. எல்லாச் சிக்கலும் கிரீனில்தான். உன் கார்டில் இங்கே இரண்டு முறை மூன்று பட். பெர்முடா வகைப் புல்லுக்குச் சாய்வு உண்டு, ஒரு பக்கமாகப் படர்ந்து வளரும். பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது புல் வெளிறிப் பளபளத்தால் சாய்வு உன் கூடவே போகிறது, பந்து ஓடும். கரும்பச்சையாக மங்கித் தெரிந்தால் எதிர்ச்சாய்வு, அழுத்தி அடிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் குழியின் விளிம்பைப் பார். ஒரு பக்கம் கத்தியால் வெட்டிய மாதிரி இருக்கும், எதிர்ப்பக்கம் பிய்ந்து பழுத்திருக்கும். பிய்ந்த பக்கத்தை நோக்கித்தான் சாய்வு. கண்ணால் மட்டும் பார். புல்லைக் கையால் தேய்த்துச் சோதித்தால் தண்டம். முதல் பட்டைக் குழியில் போட வேண்டும் என்று அடிக்காதே. பிஜிஏ டூர் ஆட்டக்காரர்களே 8 அடி தூரத்திலிருந்து கிட்டத்தட்டப் பாதிதான் போடுகிறார்கள். நீ மூன்றடி வட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்து.

9-ஆம் ஹோல் பார் 5, 448 மீட்டர். 220 மீட்டர் வரை இரண்டு பக்கமும் மரச்சுவர். டிரைவரைப் பைக்குள்ளேயே வை. 5 வுட் 175, இன்னொரு 5 வுட் 175, மீதி 98, அது பிட்சிங் வெட்ஜ். ஈரத்தில் ஆடினாலும் 163, 163, மீதி 122, அது 7 அயர்ன். எப்படிக் கூட்டினாலும் டிரைவர் தேவைப்படவில்லை. கையுறை மூன்று வைத்துக்கொள், மூன்று ஹோலுக்கு ஒன்று மாற்றி, கழற்றியதைப் பகியின் காற்றுப்படும் பக்கத்தில் தொங்கவிடு. இந்தப் புழுக்கத்தில் ஒரே கையுறையோடு ஆடினால் 9-ஆம் ஹோலில் கிளப் கைக்குள் சுழலும்.

மதிய ஃபிளைட் கிடைத்தால் ஏப்ரல், மே, அப்புறம் அக்டோபர், நவம்பரில் இடிமழை வராமல் ரவுண்டு முடிவது அபூர்வம். மின்னல் சைரன் அடித்தால் பட் இரண்டடியில் மீதி இருந்தாலும் அடிக்கக் கூடாது. உடனே நிறுத்து, பந்து இருந்த இடத்தில் குறி வை, குடிலுக்குப் போ. மரத்தடியில் மட்டும் ஒதுங்காதே.

பின் ஒன்பதுக்கு ஒவ்வொரு ஹோலிலும் இரண்டு படம் எடுத்து அனுப்பு, டீயிலிருந்து ஒன்று, 150 கம்பத்திலிருந்து ஒன்று. 14-இல் அந்தச் சவுக்கு வரிசை டீயிலிருந்து எத்தனை மீட்டரில் முடிகிறது என்று உன் கார்டில் இல்லை. அதைக் காலடி வைத்து அளந்து எழுது.

அன்புடன்,
அண்ணன்