குறி மட்டுமா கவிழ்த்தது?

ஆசிரியர் அவர்களுக்கு,

பழங்கால லிடியா நாட்டு மன்னன் குரோசஸ் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை படித்தேன். கிரேக்கத்து டெல்ஃபி கோயிலில் அவனுக்குச் சொன்ன குறியைத்தான் பெரிதாகச் சொல்லியிருந்தீர்கள். பாரசீகத்தின் மேல் படையெடுத்தால் ஒரு பேரரசு அழியும் என்றார்களாம், அழிந்தது அவனுடையதே. கதை சுவையானதுதான், சரி. ஆனால் அவன் கவிழ்ந்த விதத்தை பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோடஸ் இன்னும் விவரமாகவே சொல்கிறார்.

பாரசீக மன்னர் சைரஸோடு நடந்த முதல் போரில் யாருக்கும் வெற்றியில்லை. குளிர்காலத்தில் எவன் சண்டைக்கு வரப்போகிறான் என்று தன் தலைநகர் சார்டிஸுக்குத் திரும்பிய குரோசஸ், கூலிப்படையைக் கலைத்து அனுப்பிவிட்டான். சைரஸ் பின்னாலேயே வந்து நின்றார்! லிடியாவின் பலம் குதிரைப்படை. சாமான் சுமந்து வந்த ஒட்டகங்களைச் சைரஸ் முன்வரிசையில் நிறுத்த, அந்த வாடைக்கே குதிரைகள் மிரண்டுவிட்டன. தோற்ற லிடியர்கள் கோட்டைக்குள் ஒதுங்க, முற்றுகையின் 14-ஆம் நாள் அதுவும் விழுந்தது. கி.மு. 546 வாக்கில் என்பார்கள்.

அப்புறம் அவன் செல்வம். பாக்டோலஸ் ஆற்றுப் பொன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். லிடியர்களின் பழைய காசுகளில் பொன்னும் வெள்ளியும் கலந்திருந்தன. உப்போடு சேர்த்துச் சூடாக்கி வெள்ளியைப் பிரித்த பட்டறையே, இன்றைய துருக்கியில் உள்ள சார்டிஸில் அகழாய்வில் கிடைத்திருக்கிறது. சிங்கமும் காளையும் எதிரெதிரே பார்க்கும் தனிப் பொற்காசும் வெள்ளிக்காசும் அவன் பெயராலேயே அறியப்படுகின்றன. நாட்டைப் பிடித்த பாரசீகர்கள்கூட அதே காசைத் தொடர்ந்து அடித்தார்கள். அதன் படத்தையாவது போட்டிருக்கலாம்.

– ஒரு வாசகர், கும்பகோணம்