பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

மன்னார்குடி

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மேலத்திடலில் எள் அறுத்துப் போர் போட்டாயிற்று. இன்னும் கொஞ்சம் காய்ந்தால் உலுக்கிவிடலாம். ஜூன் 12-க்கு மேட்டூர் திறப்பார்களா என்பதுதான் ஊரில் பேச்சு.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசினாயாம். ஆளி விதைப் பொடியும் சோயா மாத்திரை டப்பாவும் வாங்கியிருப்பதாகவும், மார்பகப் புற்றுநோய்க்கு அவை நல்லது என்றும் சொன்னாயாம். "டாக்டர் கொடுத்த மாத்திரை?" என்று அம்மா கேட்டதும் எள் என்ன விலை போகிறது என்று கேட்டாயாம். எள் விலையை நீ என்றைக்கம்மா விசாரித்திருக்கிறாய்? அதற்குப் பிறகு போனும் எடுக்கவில்லை.

நீ நிறுத்திவிட்டாய் என்று நான் சொல்லவில்லை.

தம்பியிடம் சொல்லி ஆராய்ச்சித் தாள்களை அச்செடுத்து, ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் எடுத்தவன், ஓரளவு புரிந்தது. நீ சொன்னது வெறும் பேச்சில்லை. சோயாவில் ஜெனிஸ்டீன் என்று ஒரு பொருள் இருக்கிறது. ஆளி விதையில் லிக்னான் என்று இன்னொன்று, நம் எள்ளிலும் லிக்னான்தான். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அதை என்டரோலாக்டோன் என்ற பொருளாக மாற்றுகின்றன. இவையெல்லாம் உருவத்தில் ஈஸ்ட்ரோஜன் என்கிற பெண் ஹார்மோனை ஒத்திருப்பதால், செல்லில் அதற்கென்று இருக்கும் ஏற்பியில் போய் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் வீரியம் ரொம்பக் குறைவு. கல்யாணப் பந்தியில் கொஞ்சமாகச் சாப்பிடுகிறவர் முதலில் இலையில் உட்கார்ந்துவிட்டால் பெரும்பசிக்காரருக்கு இடம் இருக்காது, அந்த மாதிரி. ஏற்பியிலும் ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு உண்டு. செல்லைப் பெருகச் சொல்வது ஆல்ஃபா, பெரும்பாலும் அதை அடக்குவது பீட்டா. ஜெனிஸ்டீன் பீட்டாவைத்தான் அதிகம் நாடுகிறதாம். படித்ததும் எனக்கே சந்தோஷமாக இருந்தது.

ஷாங்காயில் இந்த நோய் வந்த 5,042 பெண்களைக் கவனித்து 2009-ல் எழுதியிருக்கிறார்கள். சோயா உணவு அதிகம் சாப்பிட்டவர்களுக்கு நோய் திரும்பி வந்தது குறைவு. ஆனால் அவர்கள் சாப்பிட்டது டோஃபுவும் சோயாப் பாலும். டப்பா மாத்திரை இல்லை. சிகிச்சையை விட்டுவிட்டுச் சாப்பிட்டவர்களும் இல்லை.

அடுத்த தாளைப் படித்தபோதுதான் தூக்கம் போனது. கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுச் செல்களுக்கு ஜெனிஸ்டீனை நிறையக் கொடுத்தால் வளர்ச்சி நிற்கிறது, கொஞ்சமாகக் கொடுத்தால் அதே செல்கள் கூடுதலாகப் பெருகுகின்றன. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் டாக்டர் உனக்குக் கொடுத்த டாமோக்சிஃபெனின் வேலையையே கெடுத்திருக்கிறது. எலிக்கு நடந்தது மனுஷிக்கு நடக்கும் என்று சொல்ல முடியாதுதான். இருந்தாலும் செறிவாக்கிய மாத்திரையை டாக்டரைக் கேட்காமல் எப்படிப் போடுவது?

உனக்கு எழுதிக் கொடுத்திருப்பதும் அதே ஏற்பியில் போய் உட்காருகிற மருந்துதான். உன்னைப் போலப் புற்றுச் செல்லில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி உள்ளவர்கள் 5 வருஷம் டாமோக்சிஃபென் சாப்பிட்டதில், முதல் 5 வருஷத்தில் நோய் திரும்புவது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. இவ்வளவு உறுதியாக ஆளி விதையைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சாப்பாட்டோடு சாப்பாடாக எள்ளுருண்டை சாப்பிடு, எள்ளுப்பொடி சாப்பிடு. மாத்திரையை நேரத்துக்குப் போடு.

ராத்திரி வியர்த்துக் கொட்டுகிறது, உடம்பெல்லாம் எரிகிறது என்று முன்பு அம்மாவிடம் சொன்னாய். எனக்குத் தெரியாது என்று நினைத்திருப்பாய். அதனால் மாத்திரையை விட்டிருந்தால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். டாக்டரிடம் சொன்னால் அதற்கு ஏதாவது வழி செய்வார். நீயாக விட்டுவிடாதே. சித்திக்கு நடந்ததை நீ கூடவே இருந்து பார்த்தவள். அதை நான் எழுத வேண்டாம்.

தலைமுடி முளைப்பதற்குள் வேலைக்குத் திரும்பியவள் நீ. பெரிய கோயில் வாசலில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறேன். அந்தத் தைரியக்காரிக்கு அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்ல என்னம்மா தயக்கம்? என்னிடம் பேசக் கூச்சமாக இருந்தால் அம்மாவிடம் சொல். அவளிடமும் முடியாவிட்டால் தம்பிக்கு ஒரு மெசேஜ் போடு.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த சோயா டப்பாவையும் பொடியையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டு. தனியாகப் போக வேண்டாம். தேதியைச் சொன்னால் முதல் நாள் ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் ஏறி விடிகாலையில் எழும்பூர் வந்துவிடுவேன். அம்மா வருவதானால் அவளையும் கூட்டி வருகிறேன். டிக்கெட் எடுக்க வேண்டும், தேதியை மட்டும் சீக்கிரம் சொல். மாத்திரையை நேரத்துக்குப் போடு.

அன்புடன்,
அப்பா