செயலாளர் ஆண்டறிக்கை: பங்குனி நடையும் இரண்டு பைனாகுலர்களும்

நம் பறவை பார்ப்போர் சங்கத்தின் பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூட்டப்பட்டது. இரண்டு முறை கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் கலைந்தது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் கலந்துகொண்டோம். அவதானப்பட்டி ஏரிக்கரையில் ஒருநாள் குப்பை அகற்றப்பட்டது. சுதந்திர தினத்தன்று மிட்டாய் வழங்கப்பட்டது.

மாசி, பங்குனி ஞாயிறு நடை ஒரு வாரமும் தவறவில்லை. கே.ஆர்.பி. (கிருஷ்ணகிரி) அணையின் இடதுபுறக் கால்வாய்க் கரை, பாரூர் ஏரி, காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகள் என மாறி மாறிப் போனோம். ஆறு மணி என்றால் ஆறு மணிதான். பங்குனி வெயிலில் எட்டரைக்கு மேல் பறவைகள் இலை மறைவில் அடங்கிவிடும். ஏழரைக்கு டீ குடித்துவிட்டு வந்து "ஒண்ணையும் காணோமே" என்பவர்களுக்குச் சங்கம் என்ன செய்ய முடியும்? சித்திரைக்குத் தள்ளலாம் என்ற யோசனையும் சரிப்படாது. வடக்கிலிருந்து வந்த வாலாட்டிகளும் சூறைக்குருவிகளும் அதற்குள் பெரும்பாலும் கிளம்பியிருக்கும். தோப்புக்காரரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். தத்துப்பூச்சிக்கு மருந்தடித்த தோப்பில் கால் வைக்கக் கூடாது. சொல்லாமல் தோளில் பையோடு நுழைந்தால் மாங்காய்த் திருடன் என்றுதான் நினைப்பார்.

இனி, பலர் முணுமுணுத்த பைனாகுலர் விஷயம். செயற்குழு கோரம் இல்லாமல் கலைந்ததால்தான், 8×42 பைனாகுலர் இரண்டு வாங்குவது என்று செயலாளரே முடிவெடுக்க நேர்ந்தது. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, இரண்டாவது எண் முன் லென்ஸின் அகலம், மில்லிமீட்டரில். 10×50 வாங்கியிருக்கலாமே என்கிறார்கள். பத்து மடங்கு காட்டுவது கை நடுக்கத்தையும் பத்து மடங்காகக் காட்டும். கிளைக்குக் கிளை தாவும் தேன்சிட்டு பார்வை வட்டத்துக்குள் சிக்காது. 8×42 அகலமாகக் காட்டும், கழுத்தையும் இழுக்காது. கண்ணாடி அணிந்தவர்கள் கண் வைக்கும் ரப்பர் வளையத்தை மடக்கிக்கொள்ள வேண்டும். முதலில் வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடது கண்ணை மூடி, வலது பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் லென்ஸ் மங்கல் என்று புகார் சொன்னார்கள். ஒரு பைனாகுலர் ஈரத் துணிப்பையிலேயே மூன்று வாரம் கிடந்து திரும்பி வந்தது. லென்ஸுக்குள் வெள்ளை நூல் போலப் பூஞ்சை. எடுத்துப்போனவருக்கே தெரியும். இப்போது பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டிருக்கிறது. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் மாற்ற வேண்டும்.

பதிவேட்டில் "கருப்புக் குருவி, நிறைய" என்று எழுதுவதில் பயனில்லை. வால் நுனி பிளந்திருந்தால் கரிச்சான். பிளக்காத நீண்ட வாலும் சிவப்புக் கண்ணும் என்றால் ஆண் குயில். ஊதாத் தேன்சிட்டு ஆண், கூடு கட்டும் காலம் முடிந்ததும் மினுமினுப்பை இழந்து, மஞ்சள் அடிப்பகுதியில் ஒரு கருங்கோட்டோடு நிற்கும். அதைப் "புதுப் பறவை" என்று எழுதிய இரு பதிவுகள் அடிக்கப்பட்டுள்ளன.

ஆட்காட்டிப் பறவை பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஏரித் தண்ணீர் வற்ற வற்றத் தெரியும் மேட்டில் அது மூன்று, நான்கு முட்டை இடும். கூடு என்று பெரிதாக ஒன்றுமில்லை. லேசாகக் குழிந்த மண், சுற்றிச் சில கற்கள். மண் நிறத்தில் கரும்புள்ளி போட்ட முட்டை காலடியில் இருந்தாலும் தெரியாது. பறவை தலைக்கு மேல் சுற்றிக் கத்தினால், வந்த கால்தடத்திலேயே திரும்புங்கள். உச்சி வெயிலில் அது முட்டை மேல் நிற்பது நிழல் தரத்தான். வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்தும் முட்டையைக் குளிர்விக்கும். படம் எடுக்க அரை மணி நேரம் அதை அண்டவிடாமல் செய்தால் முட்டை வெந்துவிடக்கூடும். இருவருக்கு எழுத்து மூலம் தெரிவிக்கப்பட்டது. அவர்களில் ஒருவர் சந்தாவும் கட்டவில்லை.

வரவு செலவு பொருளாளரிடம் உள்ளது. பைனாகுலர் போகக் கையிருப்பு சொற்பம். சந்தா பாக்கி முழுதும் வந்தால் மூன்றாவது ஒன்று வாங்கலாம். வழிவிட்ட தோப்புக்காரர்களுக்கும், டீக்கடைக்காரருக்கும், வந்த உறுப்பினர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு வேறொருவர் பொறுப்பேற்பதானால் பதிவேட்டையும் பெட்டிச் சாவியையும் இன்றே ஒப்படைக்கத் தயார். இதுவரை யாரும் பெயர் தரவில்லை. அடுத்த நடை மாசி முதல் ஞாயிறு, காலை ஆறு மணி, அணை நுழைவாயில் எதிரே. ரசீதுப் புத்தகமும் கையில் இருக்கும்.

செயலாளர்
கிருஷ்ணகிரி