சத்துவாச்சாரி ஜெராக்ஸ் கடைத் தங்கைக்கும் மற்றவர்களுக்கும் நன்றி

கம்மவான்பேட்டையிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் உள்ள உறவினர்களுக்கும், உடன் பணியாற்றிய தோழர்களுக்கும் வணக்கம்.

ராணுவப் பணியில் வந்த நோய்க்காக நான் கேட்ட டிஸெபிலிட்டி பென்ஷன் (உடற்குறைபாட்டு ஓய்வூதியம்) வழக்கில், ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு எனக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்ததைப் பலரும் அறிந்திருப்பீர்கள். உத்தரவு நகல் நேற்றுதான் கைக்கு வந்தது. படிக்க எடுத்தால் பாதியிலேயே கண் மறைத்துவிடுகிறது. இடைப்பட்ட ஆண்டுகளில் எங்கள் வீடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியாததன்று, ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் நன்றி சொல்ல வேண்டியவர் சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தங்கை. லடாக்கில் இருந்தபோது, பணியில் சேர்ந்து 11ஆம் ஆண்டில், ரத்தக்கொதிப்புக்காக ராணுவ மருத்துவமனையில் படுத்து எழுந்ததற்கான டிஸ்சார்ஜ் சிலிப், இரு பக்கமும் கார்பனில் எழுதிய நீலநிற மெல்லிய தாளாக என் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்தது. அதற்குமுன் இரண்டு கடைகளில் பிரதி எடுத்தபோதும் கறுப்புத் தீற்றல்தான் வந்தது. இவரோ, "இருங்க மிலிட்டரி சார், பின்பக்க எழுத்து இந்தப் பக்கம் தெரியுது" என்று சொல்லி, தம் மகளின் பள்ளி வேலைக்கு வாங்கி வைத்திருந்த கறுப்புச் சார்ட்டை அந்த அளவுக்கு வெட்டி, தாளின் முதுகில் வைத்து, மையைக் கூட்டியும் குறைத்தும் பலமுறை எடுத்துப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். தேதியும் நோயின் பெயரும் தெளிவாக விழுந்த பிறகே நிமிர்ந்தவர், கெட்டுப்போன தாள்களுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். இனிப்போடு நேற்று மாலை போய் நின்றேன். என் முகம் அவருக்கு நினைவில்லை. அந்த நீலத் தாளைக் காட்டியதும் சிரித்துவிட்டார்.

பணியில் சேர்ந்தபோது நோய் பற்றிய குறிப்பு இல்லையெனில், பின்னர் வந்த நோய் பணியால் வந்ததாகவே கருதப்பட வேண்டும் என்ற 2013ஆம் ஆண்டு தரம்வீர் சிங் தீர்ப்பையும், உடற்குறைபாட்டு அளவான 30 விழுக்காட்டை 50 ஆக உயர்த்திக் கணக்கிட வழிசெய்யும் 2014ஆம் ஆண்டு ராம் அவதார் தீர்ப்பையும் எடுத்துவைத்து வாதாடிய வழக்கறிஞருக்கும், முறையீடுகளை எழுதித் தந்த ஓய்வுபெற்ற கிளார்க் அண்ணனுக்கும், காட்பாடியிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் உடன் ரயிலேறிய மைத்துனருக்கும், மருந்துச் செலவுக்குக் கேட்காமலே கொடுத்தவர்களுக்கும் என் நன்றி. "பணியால் ஏற்பட்டதும் அன்று, பணியால் கூடியதும் அன்று" என்ற ஒற்றை வரியில் பென்ஷனை மறுத்து அனுப்பியவர்கள்மீது இருந்த கோபம், உண்மையைச் சொன்னால், இன்னும் முழுதாக ஆறவில்லை.

ஓய்வுபெற்று வரும் தம்பிகள் தங்கள் மருத்துவத் தாள்களை டிரங்கில் போட்டுப் பூட்டிவிடாமல் எடுத்துக்கொண்டு வாருங்கள். உடனிருந்து வரிசைப்படுத்தித் தருவதாக வாக்களிக்கிறேன். அதற்காகவே திங்கள்தோறும் காலையில் வீட்டில் இருப்பேன்.