குழியின் மேல் பைக் நிறுத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு பல்கலைக்கழகத்தில் 28 வருடம் பம்ப் ஆபரேட்டராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றேன். அதன் பெயர் வேண்டாம், பென்ஷன் அங்கிருந்துதான் வருகிறது.

2003-ல் மழைநீர் சேகரிப்பை அரசு கட்டாயமாக்கியபோது, எங்கள் வளாகத்தில் கட்டடத்துக்குக் கட்டடம் குழி வெட்டி, ஜல்லியும் மணலும் கொட்டி, மொட்டைமாடிக் குழாயை அதில் இறக்கினோம். இரண்டு மழைக்காலம் கழித்து விடுதிக் கிணற்றில் தண்ணீர் ஏறியதை நானே கயிறு விட்டு அளந்தேன். ஆனால் அந்த மணலை வருடத்துக்கு ஒரு தடவையாவது அள்ளிக் கழுவிப் போட வேண்டும். இல்லாவிட்டால் வண்டல் அடைத்துக்கொண்டு தண்ணீர் இறங்காது. இந்த வேலைக்கு ஆள் ஒதுக்கியதே இல்லை. கல்லூரி, பல்கலைக்கழகங்களுக்குத் தர மதிப்பீடு போடும் 'நாக்' குழு வருகிறது என்றால் மட்டும் மூடிகளுக்குப் பச்சை பெயிண்ட் அடிப்பார்கள். பசுமை வளாகத்துக்கும் மதிப்பெண் உண்டே! நூலகத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு குழிகளின் மேல் பேவர் பிளாக் பதித்து பைக் நிறுத்தம் ஆக்கிவிட்டார்கள். சுற்றுச்சூழல் கட்டாயப் பாடத்தில் மழைநீர்க் குழியைப் படம் வரைந்து மார்க் வாங்கும் பிள்ளைகள் அங்கேதான் வண்டி நிறுத்துகிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்புறம் விடுதிக்கு ஆர்.ஓ. இயந்திரம் வந்தது. ஒரு நாள் அளந்து பார்த்தேன். ஒரு குடம் குடிநீர் பிடிப்பதற்குள் கழிவுக் குழாயில் ஒன்றரைக் குடம் வழிந்து சாக்கடைக்குப் போனது. அதைக் கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பலாம் என்று எழுதிக்கொடுத்தேன். 40 அடி பிவிசி குழாய், நாலு எல்போ, அரைநாள் வேலை, அவ்வளவுதான். பதிலே இல்லை. அதே மாதம் உலகச் சுற்றுச்சூழல் தினத்துக்கு ஃபிளெக்ஸ் பேனர் கட்ட, ஏணியோடு என்னைத்தான் கூப்பிட்டார்கள்.

பசுமைத் தணிக்கைக்கு வருகிறவர்கள் கருத்தரங்கக் கூடத்தில் படம் பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஒரு தடவை பம்ப் அறைக்கு வரட்டும். எந்த மோட்டார் எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று எழுதிய நோட்டு அங்கே கிடக்கிறது. 2003-க்கு முன்னால் எழுதியதும் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அந்த இரண்டு குழிகளையாவது திறந்து தூர் வார வேண்டும். அவை சரியாக எங்கே இருக்கின்றன என்பது எனக்கும் ஒரு தோட்டக்காரருக்கும்தான் தெரியும். அவரும் அடுத்த மார்ச்சில் ஓய்வு பெறுகிறார். கூப்பிட்டால் நான் வந்து காட்டுகிறேன். பஸ் செலவுகூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பம்ப் ஆபரேட்டர்